ஒன்பது நொடி மலை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள், சனிக்கிழமை, காலை மணி ஏழு இருபதுக்கு என் அசைவூட்டப் பணி தொடங்கியது. அதே ஆண்டு மே மாத நடுவில் நான் ஓய்வு பெற்றேன். இடையில் ஒரு படம் எடுத்தேன். ஒப்படைத்தபோது அதன் நீளம் இரண்டு நிமிடம் பத்து நொடி. நொடிக்குப் பன்னிரண்டு புகைப்படம் என்ற கணக்கில் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது முறை ஒரு பொம்மையை மயிரிழை அளவு நகர்த்தி, மூச்சை அடக்கி, பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

பத்து வாரச் சேவைக்கு 'ஓய்வு' என்ற சொல் மிகை என்று தோழிகள் சொல்கிறார்கள். ஒரு வேலையைத் தொடங்கி, அதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டு, ஒருமுறை தோற்று, பிறகு ஒருவாறு முடித்து, இனிச் செய்வதில்லை என்று கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டவளுக்கு வேறெந்தச் சொல் பொருந்தும்?

இப்போது இதை எழுதக் காரணம் இளைய மாணவர்கள். நான் படித்த இலக்கியத் துறையில் அசைவூட்டம் ஒரு விருப்பப் பாடம். இந்த ஆண்டு முதல் அதில் புதிய மென்பொருள் வந்திருக்கிறதாம். பொம்மையின் முதல் நிலையையும் கடைசி நிலையையும் காட்டினால் போதும், இடையில் உள்ள அனைத்தையும் அதுவே நிரப்பிவிடுமாம். "அக்கா, நீங்க கையால செஞ்சப்ப எப்படி இருந்துச்சு?" என்று அவர்கள் கேட்ட தொனி, கட்டை வண்டி ஓட்டியவரிடம் கேட்கும் தொனியாக இருந்தது. எனக்கு இப்போது வயது இருபத்து நான்குதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வாரம் ஒரு பந்தைக் குதிக்கவைத்தேன். இரண்டாம் வாரம் அதே பந்தைக் கனமாகக் குதிக்கவைத்தேன். மூன்றாம் வாரம் கம்பியை முறுக்கி, பஞ்சும் துணியும் சுற்றி, பதினெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண்ணைச் செய்தேன். அந்தப் பருவத்தில் வகுப்புகள் திரைவழியே நடந்ததால், இவை எல்லாம் கேமரன் மலையில், அப்பா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில்தான் நடந்தன. எங்கள் லயத்து வரிசை வீட்டின் தரை பலகை. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினாலே என் மேசை அசைந்தது. தோட்டத்து மாதா கோயிலை ஒட்டிய ஞாயிறு வகுப்பு அறைக்குச் சிமெண்டுத் தரை. அதன் சாவி அற்புதம் சித்தியிடம் இருந்தது. அம்மாவின் தங்கை. வாரநாள்களில் மலையில் கொழுந்து வெட்டுபவர். வாரக்கடைசியில் கோயிலைக் கூட்டிப் பெருக்குபவர்.

"சனிக்கிழமை ராத்திரிக்குள்ள ஒதுக்கிக் கொடுத்துடணும். ஞாயித்துக்கிழமை புள்ளைங்க வரும். உன் பொம்மை கையைப் பிச்சிடும், பாத்துக்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

என் படத்தின் கதை எளிமையானது. தேயிலைச் சரிவில் ஒரு பெண் கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து இறங்கி வருகிறாள். கீழே சாலையில் லோரி காத்திருக்கிறது. அவள் வந்து சேர்வதற்குள் லோரி போய்விடுகிறது. அவள் நிற்கிறாள். படம் முடிகிறது. இலக்கியம் படிப்பவளுக்குத் திறந்த முடிவின் மேல் உள்ள பற்றை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மேலதிகாரி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் விரிவுரையாளர் குணாளன் சார். திரையில் அவர் முகத்தை நான் கண்டதில்லை. கேமராவை அவர் எந்தக் கோணத்தில் வைத்திருந்தாரோ, பத்து வாரமும் அவர் வீட்டு மின்விசிறியிடம்தான் பாடம் கேட்டேன். மாணவர் அனுப்பும் காட்சியை அவர் மூன்று முறை பார்ப்பார். முதல்முறை சாதாரணமாக. இரண்டாம் முறை தலைகீழாக, ஏனென்றால் தலைகீழாகப் பார்க்கும்போது கதை மறைந்து பிழை மட்டும் தெரியும் என்பது அவர் கொள்கை. மூன்றாம் முறை பொம்மையின் பாதங்களை மட்டும். பிறகு ஒரு 'ம்'.

அந்த 'ம்' மூன்று வகைப்படும் என்பதை நான்காம் வாரத்தில் கண்டுகொண்டேன். குட்டையாக வெட்டுப்படும் 'ம்' என்றால் பிழை பொம்மையுடையது. நீண்டு கீழே இறங்கினால் பிழை விளக்குடையது. மூக்கின் வழியே மெல்ல மேலேறினால் பிழை என்னுடையது. மேலேறும் 'ம்'தான் எனக்கு அதிகம் கிடைத்தது.

முதல் மேலேறும் 'ம்' கொழுந்தைப் பற்றியது. மலைச் சரிவுக்குக் காகிதத்தில் இலை வெட்டி ஒட்டுமாறு அவர் சொன்னார். நான் மறுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தில் தேயிலை செய்வது நேர்மையற்றது என்று இரண்டு பக்கத்தில் ஏழு காரணங்களோடு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு 'ம்' என்றார். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால், எந்த வரிசையிலும் சேராமல், கவாத்து வெட்டப்படாமல் வளர்ந்து நின்ற பழைய செடிகள் இருந்தன. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டதற்கு, "அத ஆடு கூட சீந்தாது, எடுத்துக்கம்மா" என்றார். ஓர் இலையும் மொட்டுமாகக் கிள்ளி, தெர்மோகோல் போன்ற வெண்ணுரைப் பலகையில் செய்த மலையில் முந்நூற்று நாற்பது நுனிகளைக் குத்தினேன். புகைப்படத்தில் அது மலையாகவே இருந்தது.

இரண்டாவது, எடையைப் பற்றியது. இடைத்தேர்வுக்கு நான் அனுப்பிய காட்சியில் என் பெண் சாக்கோடு ஆறு அடி எடுத்துவைத்தாள். மின்விசிறி நீண்ட நேரம் சுற்றியது.

"உங்கள் பெண் சுமக்கவில்லை," என்றார் சார். "சாக்கு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே பறந்து வருகிறது. உண்மையில் சுமப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா?"

"தினமும் பார்க்கிறேன், சார்."

"பார்த்தது போலத் தெரியவில்லை."

இடைத்தேர்வில் தேறவில்லை. இறுதிப் படத்திலும் தவறினால் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் பாடம் அடுத்த ஆண்டுதான் மீண்டும் வரும். பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். பட்டம் கையில் இருந்தால் ஜூன் மாதம் ரிங்லெட்டில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வர அப்பா ஏற்கெனவே எனக்கொரு ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தார். ஒருவர் ஹெல்மெட் வாங்கிய பிறகு தோற்பது எளிதல்ல.

சித்தியிடம் போய், சாக்கைச் சுமந்து நடந்து காட்டுங்கள், படம்பிடித்து வைத்துக்கொண்டு பார்த்துச் செய்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச்சொன்னார். போனேன். நீலப் பட்டுச் சேலை, உதட்டில் சாயம், கழுத்தில் ஜெபமாலை. காலடியில் சாக்கு. அதைத் தூக்கிப் பார்த்தேன். விரலில் வந்தது.

"உள்ள என்ன சித்தி?"

"தலகாணி. சேலை கசங்கிடாது?"

"கொழுந்து இருந்தாதானே சித்தி எடை தெரியும்?"

"யூனிவர்சிட்டில காட்டப்போறே. நாலு பேரு பாப்பாங்கலா. அழுக்குச் சட்டையோடயா நிக்கச் சொல்றே?"

அவர் நடந்தார். தேர்த் திருவிழாவில் மாதா சொரூபம் தெருவில் வருவது போல, இருபுறமும் மெல்லப் புன்னகைத்தபடி நடந்தார். பதிவைப் பார்த்த குணாளன் சார், "யார் இந்த அம்மையார்? எங்காவது முடிசூட்டு விழா நடக்கிறதா?" என்று கேட்டார். சித்தியிடம் இதைச் சொன்னேன். முடிசூட்டு என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அன்று முழுதும் மகிழ்ச்சியாக இருந்தார்.

அடுத்த புதன்கிழமை நான் செய்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சாலை வளைவில் லோரி நிற்கும் இடத்துக்கு எதிரே, புல்மேட்டின் பின்னால் உட்கார்ந்து, சித்திக்குத் தெரியாமல் படம் பிடித்தேன். ரப்பர் பூட்ஸ், கணுக்கால் வரை சேறு, தொப்பிமேல் சுருட்டிய துணி. தூக்குவதற்கு முன் அவர் இடது காலை முன்னே வைத்தார். சாக்கை முழங்காலால் ஓர் எத்து எத்தினார். அது மேலே போனதும் முதலில் நகர்ந்தது கால் அல்ல, முகவாய். நின்ற பிறகும் உடல் உடனே நிற்கவில்லை. சாக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பது போல அரை அடி கூடுதலாக எடுத்து வைத்தார். இருபத்திரண்டு வருடம் கண்ணெதிரே நடந்ததை அன்றுதான் பதினான்கு படங்களாக எண்ணிப் பார்த்தேன். முகவாய், எத்து, அரை அடி. அதை வைத்துப் பொம்மையை நடக்கவைத்தபோது சார் குட்டையான 'ம்' சொன்னார். பிழை பொம்மையிடம் போய்விட்டது. நான் ஏறக்குறைய அழுதுவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரு காட்சி. மலை உச்சியிலிருந்து சாலை வரை அவள் இறங்குவது. ஒன்பது நொடி, இடையில் வெட்டே இல்லாமல் நூற்றெட்டுப் படம். மற்ற காட்சிகள் எல்லாம் இரண்டு நொடிக்குள் முடிபவை. கடினமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மே 15, திங்கட்கிழமை, நண்பகலுக்குள் ஒப்படைக்க வேண்டும். 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குப் புதிதாகக் கொழுந்து குத்தி, இரண்டு மேசை விளக்குகளை ஏற்றி, வெக்கைக்காகச் சன்னலைத் திறந்துவைத்துத் தொடங்கினேன். பொம்மையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முகவாய், எத்து, அரை அடி. ஐந்து மணிக்குச் சற்று முன் நூற்றெட்டாவது படம் முடிந்தது.

என்னை அழைத்துப் போக அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் பகுதியில் வேலை செய்பவர். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து, ஈரம் இறங்கும்வரை காத்திருந்து, கையால் தொட்டுப் பார்த்து, சரி என்று சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடங்களாக அதையே செய்கிறார். கதவருகில் நின்றவர் உள்ளே வராமல் மூக்கை உயர்த்தினார்.

"என்னம்மா, இங்க கொழுந்து வாட்டுறியா?"

"இல்லப்பா. படம் எடுக்கிறேன்."

"வாசம் வருதே."

உள்ளே வந்தார். நான் தடுப்பதற்குள் மலையின் தென்சரிவிலிருந்து ஒரு பிடி பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்து இறுக்கி, விரித்து, உருண்டை மெல்லப் பிரிவதைப் பார்த்தார். ஒரு காம்பை மடக்கினார். ஒடியவில்லை. அவர் முகத்தில் ஒரு நிறைவு வந்தது.

"நல்லா வாடியிருக்கு. ஒரே சீரா. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டா கசக்குற ரோலர்ல போட்டுடலாம்."

"அப்பா, அது மலை."

"மலையோ என்னவோ, வாட்டம் நல்லா விழுந்திருக்கு."

அப்போதுதான் ஒன்பது நொடியையும் ஓட்டிப் பார்த்தேன். முதல் நொடியில் மலை பச்சையாக நிமிர்ந்து நின்றது. மூன்றாம் நொடியில் தோள் தொங்கியது. ஐந்தாம் நொடியில் படுத்தது. எட்டாம் நொடியில் ஓரங்கள் செம்பு நிறமாயின. நடுவில் என் பெண் சாக்கைச் சுமந்து மிகச் சரியான நடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "ஏம்மா, மலைக்கு மயக்கமா?"

நான் மீண்டும் முதலிலிருந்து ஓட்டினேன்.

"ரெண்டு விளக்கு வெச்சு சூடு காட்டுறே. சன்னலத் தொறந்து காத்து விட்டிருக்கே. இதையேதான் நாங்க காசு போட்டு மிஷின் வாங்கி செய்றோம். கொழுந்து பறிச்சா வாடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. யோசிக்கல."

அதுதான் உண்மை. வாட்டுபவரின் மகளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் அது எனக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. காகிதத்துக்கு எதிராக நான் எழுதிய ஏழு காரணங்களில் ஒன்றில்கூட, கொழுந்து உயிருள்ள பொருள் என்பது இல்லை. முந்தைய காட்சிகள் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டதால் வாட்டம் கண்ணில் படவில்லை. இனிக் காகிதத்துக்கு மாறவும் முடியாது. மற்ற காட்சிகளோடு ஒட்டாது.

தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். விளக்கொளியில் துளிகள் மின்னி, ஒவ்வொரு படத்துக்கும் இடம் மாறி, மலையில் மின்மினிக் கூட்டம் புகுந்தது போலாயிற்று. விளக்கை அணைத்தால் இருட்டு. சன்னலைச் சாத்தினால் எனக்கு மயக்கம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார்.

"தொட்டியில புதுசும் பழசும் கலந்து வந்தா என்ன செய்வோம் தெரியுமா? கிளறிக் கிளறிப் போடுவோம். எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். நீ முழுசாப் புதுசா வைக்கணும்னு ஏன் பாக்குறே? ஒவ்வொரு போட்டோவுக்கும் கொஞ்சம் எடுத்துட்டுக் கொஞ்சம் வை. மலை எப்பவும் பாதி வாட்டத்துலயே நிக்கும். ஆரம்பத்துலயும் பாதி. கடைசியிலயும் பாதி. யாருக்குத் தெரியும்?"

கணக்கிட்டேன். ஒரு நுனி ஒரு மணி நேரம் தாங்கும். ஒரு படத்துக்கு ஆறு நிமிடம் என்றால், படத்துக்கு முப்பது நுனிகளை மாற்றினால் போதும். மொத்தம் மூவாயிரத்து இருநூற்று நாற்பது. நான் ஒருத்தியாக முடியாது.

"நாளைக்கு நான் லீவு" என்றார் அப்பா. காய்ச்சலுக்குக்கூட லீவு எடுக்காதவர்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். அம்மாவுக்குக் கியா பார்ம் சந்தையில் கடை. சனிக்கிழமைகளில் அவரை அசைக்க முடியாது. சித்திக்கு அரைநாள் வேலை. அதனால் காலையில் அப்பா பறித்தார், நான் குத்தினேன், நகர்த்தினேன், எடுத்தேன். "மூச்சு" என்று சொன்னால் இருவரும் அடக்க வேண்டும். அப்பா கீழ்ப்படிந்தார். ஐம்பத்திரண்டாம் படத்தில் அவர் காது நிழல் மலைமேல் விழுந்திருக்கிறது. இன்றைக்கும் அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பார்ப்பவருக்கு அது தெரியும்.

ஒரு மணிக்குச் சித்தி பூட்ஸோடு வந்தார். மேசைமேல் இருந்த கூடையைப் பார்த்தார்.

"யார்டி பறிச்சது இது? மாடா?"

அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அத்தான், நீங்களா? நாலாவது இலை வரைக்கும் சேத்துப் பிச்சிருக்கீங்க! இருபத்தாறு வருசமா நாங்க கொண்டாந்த கொழுந்த 'முத்தல், முத்தல்'னு ஒதுக்குனீங்களே. இத எங்க ஒதுக்குறது?"

"செடி ஒயரம் அற்புதம். எட்டல."

"எட்டலயாம். எங்கள வேலை வாங்குற மண்டோர்கிட்ட இதச் சொல்லிப் பாருங்க."

அவர் கூடையை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டுச் செடிகளிடம் போனார். பத்து நிமிடத்தில் ஒரே அளவில் நூறு நுனிகள் வந்தன. அதன் பிறகு தொழிற்சாலை முறைப்படி வேலை நடந்தது. சித்தி பறித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மலையை விரலால் தடவி, வாடியதை மட்டும் பிடுங்கினார். நான் குத்தினேன். சண்டை நிற்கவில்லை.

"இது இளசு. ரெண்டே போட்டோவுல தொங்கிடும்" என்பார் அப்பா.

"பொம்மைக்கு இளசென்ன, முத்தலென்ன? நீங்க தடவுற தடவுல கல்லும் வாடும்."

"மூச்சு" என்பேன். ஒரு நொடி அமைதி. பொத்தான். மீண்டும் தொடங்குவார்கள். சித்தி மூச்சை அடக்கினாலும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

எழுபதாம் படத்தருகே சித்தி முதன்முறையாகப் பொம்மையைக் குனிந்து பார்த்தார். நான் முகவாயை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"இவ ஏன் இப்படி மோவாயத் தூக்கிட்டுப் போறா?"

"அப்படித்தான் சித்தி நடப்பீங்க."

"நானா? நான் பட்டுச் சேலையில மூஞ்சிய நேரா வெச்சுல்ல நடந்தேன்?"

வேறு வழியில்லாமல் புதன்கிழமைப் பதிவைப் பற்றிச் சொன்னேன். புல்மேட்டின் பின்னால் இருந்து. சேறோடு. வேர்வையோடு. சித்தி நிமிர்ந்தார். மூன்று படங்களுக்கு அறையில் ஒரு சொல்லும் இல்லை. 'மூச்சு' என்று சொல்லத் தேவையே ஏற்படாத மூன்று படங்கள் அவை மட்டுமே. பிறகு, "தலையிலயாவது தொப்பி நேரா இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். அது பொய். பறிக்கப் போனார்.

மாலை ஆறு மணி இருபதுக்கு நூற்றெட்டாவது படம். மேசையைச் சுவரோரம் தள்ளிப் போர்வையால் மூடினோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது நொடியையும் உரிய இடத்தில் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலை அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முப்பது நுனிகள் மாறியதால், சரிவு முழுவதும் ஓயாமல் நடுங்கியது. இங்கே படுத்து, அங்கே எழுந்து, ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஏதோ ஓடியது. பிழை என்றே நினைத்தேன். திருத்த நேரமில்லை. திங்கட்கிழமை பதினொரு மணி நாற்பது நிமிடத்துக்கு அனுப்பிவிட்டு, ஹெல்மெட் இருந்த அலமாரியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்குக் குணாளன் சார் தொலைபேசியில் அழைத்தார். மின்விசிறி இல்லாமல் அவர் குரல் எனக்குப் பழக்கமில்லை.

"அந்தக் காற்றை எந்த மென்பொருளில் செய்தீர்கள்?"

"எந்தக் காற்று, சார்?"

"மலைமேல் வீசுகிறதே. கொழுந்தெல்லாம் அலை அலையாக... ஒன்பது முறை பார்த்தேன். தலைகீழாகவும்."

அது காற்று என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு விநாடி அப்படித்தான் எண்ணினேன். ஆனால் காகிதத்துக்கு எதிராக நேர்மை என்ற சொல்லை எழுத்தில் பயன்படுத்தியவள் நான். விளக்கு, சன்னல், அப்பாவின் மூக்கு, முப்பது முப்பதாக மாற்றியது, மாட்டைப் பற்றிய குறிப்பு உட்பட எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மறுமுனையில் ஒரு விசித்திரமான ஒலி வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

"பதினெட்டு வருடமாகக் கற்பிக்கிறேன்," என்றார். "கொழுந்து வாடும் என்று தெரியாத தோட்டத்துப் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். தேறிவிட்டீர்கள். அடுத்த படத்துக்குத் தயவுசெய்து காகிதம்."

அடுத்த படம் இல்லை, ஓய்வு பெறுகிறேன் என்றேன். "ம்" என்றார். எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று மாலை அப்பாவையும் சித்தியையும் உட்காரவைத்து முழுப் படத்தையும் கைப்பேசியில் காட்டினேன். முகவாய் வந்தபோது சித்தி கையால் வாயை மூடிக்கொண்டார். காற்று வந்தபோது அப்பா, "பாதி வாட்டம், சீரா இருக்கு" என்றார். லோரி புறப்பட்டது. பெண் சாலையில் நின்றாள். திரை இருண்டது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சம் எங்க?" என்றார் சித்தி.

"அவ்வளவுதான் சித்தி. அது திறந்த முடிவு. பார்க்கிறவங்க யோசிக்கணும்."

"என்ன யோசிக்கிறது? லோரி போயிடுச்சு. கொழுந்து ரோட்டுல கெடக்குது!"

"சாக்குல அமுக்கிக் கட்டுன கொழுந்து," என்றார் அப்பா கவலையோடு. "சூடேறிடும். வெயில் வேற. ஒரு மணி நேரத்துல உள்ளுக்குள்ள செவந்துடும். அப்புறம் எந்தத் தொட்டியில போட்டாலும் தேறாது."

"அந்தப் பெண்ணோட தனிமையைத்தான் நான் அதுல..."

"அவளுக்கு என்ன, நடந்து போயிடுவா. கொழுந்து?"

"எந்த லோரிக்காரன்லா அது?" என்றார் சித்தி. "ஆள் மலையில வர்றது கண்ணாடியில தெரியாதா? ஒரு கத்து கத்துனா நிப்பாட்டுவானே. இந்தப் பொண்ணுக்கு வாய் இல்லையா?"

அப்பா படத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். இரண்டாம் முறையும் லோரி போய்விட்டது. இருவரும் பெருமூச்சு விட்டார்கள். சித்தி கோயில் அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மதிப்பெண் வந்துவிட்டது. படம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதில் இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது, மாற்றினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்தேன். போர்வையை விலக்கினேன். மலைமேல் இருந்த கொழுந்தெல்லாம் உலர்ந்து உதிர்ந்திருந்தது. அதைப் படச் சட்டத்துக்குள் வராமல் ஒதுக்கிவிட்டு, சாலையை மட்டும் துடைத்து, பெண்ணை ஓரமாக நிறுத்தி, அட்டை லோரியை வளைவுக்கு அப்பால் வைத்தேன். பிறகு விளக்கை ஏற்றி, மூச்சை அடக்கி, லோரியை மயிரிழை மயிரிழையாகப் பின்னோக்கி நகர்த்தி, அவள் முன்னால் வந்து நிற்கும்வரை இருபத்து நான்கு படங்கள் எடுத்தேன்.